செம்பூர் லைனில் கேட்ட ஹாரன்

கொரோனா அடங்கி, லோக்கல் ரயில் வாசலில் பழையபடி ஆட்கள் தொங்க ஆரம்பித்திருந்த சமயம். ஆடி மாசம், பம்பாயில் மழை விடாமல் அடிக்கிற காலம். தாராவியில் எங்கள் சந்திலிருந்து செம்பூருக்குச் சைக்கிளில் இட்லி கொண்டுபோய் விற்றுக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அதே தொழில்தான். அந்த வருஷம் ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் காலையில் நடந்ததை எழுத வேண்டும் என்று பல தடவை உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயந்து எழுந்தும் போயிருக்கிறேன். அதனால் இதில் யார் பெயரும் இருக்காது. முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்றவன் நான். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் சுபாவத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். ஸ்டவ்வை அணைத்தோமா என்று சந்து முனை வரை போய்த் திரும்பி வந்து பார்ப்பேன். சாம்பார் புளித்திருக்குமோ என்று பாதி வழியில் சைக்கிளை நிறுத்தி மூடியைத் திறந்து மோந்து பார்ப்பேன். மழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள் ஏறிவிடுமோ என்று பயம். பெய்யாவிட்டால் எல்லாம் சேர்த்து ஒரே நாளில் கொட்டப் போகிறதோ என்று பயம். அம்மா என்னை "வெசனம் புடிச்ச பய" என்பாள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் வெசனம் என்றால் கவலை.

இந்தப் பயங்களுக்கெல்லாம் அடியில் ஒரு பெரிய பயம் கிடந்தது. எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும். மீசை முளைக்கும் முன்பே அது எனக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் என் நடையைப் பார்த்து மற்ற பையன்கள் நடந்து காட்டுவார்கள். வாத்தியாரும் சேர்ந்து சிரிப்பார். ஒருநாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் என்னை நடக்கச் சொல்லிச் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து நான் போகவில்லை. வீட்டில் காரணம் கேட்டபோது படிப்பு ஏறவில்லை என்றேன். அப்பா திட்டினார், பிறகு சைக்கிளில் சட்னி வாளியைக் கட்டச் சொல்லிக் கூடக் கூட்டிக்கொண்டு போனார்.

எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். சந்தில் பெண்கள் விடியும் முன்பே இட்லி அவித்து இறக்கிவிடுவார்கள். ஆண்கள் அதை அலுமினிய டப்பாவில் அடுக்கி, ஈரத்துணி போட்டு மூடி, சட்னி வாளியும் சாம்பார் கேனுமாகப் புறப்படுவார்கள். ஆளுக்கொரு லைன் உண்டு. லைன் என்றால் அவர் தினமும் நின்று விற்கும் தெருக்கள், பில்டிங் கேட்டுகள், ஆட்டோ ஸ்டாண்டுகள். ஒருத்தர் லைனில் இன்னொருத்தர் காலை வைக்க மாட்டார். லைனின் பேர்தான் ஆளுக்கும் பேர். தேவ்நாரில் விற்கிறவர் தேவ்நார். அம்பர்நாத் வரை ரயிலில் டப்பாவை ஏற்றிப் போகிறவர் அம்பர்நாத். அப்பா இருந்தவரை அவர் செம்பூர். அவர் போனபிறகு நான் செம்பூர். என் சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட அம்மாவும் அக்காவும் மட்டும்தான்.

யாராவது ஊரில் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனாலோ உடம்பு முடியாமல் படுத்தாலோ வேறொருவர் அந்த லைனைப் பார்த்துக்கொள்வார். ஆனால் ஒரு அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் நடுவில் லைனில் லைன்காரருடைய ஹாரன் கேட்கவே இல்லை என்றால், அந்த லைன் விழுந்துவிட்டது என்று அர்த்தம். அமாவாசைக் காலையில் சந்து முனையில் எல்லோரும் டப்பாக்களை வரிசையாக வைத்து, எலுமிச்சம்பழம் வெட்டிச் சூடம் காட்டுவோம். அந்த இடத்தில் வைத்து, விழுந்த லைனை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. மீறி நான் பார்த்ததும் இல்லை.

ஹாரன் என்றேனே, அது ரப்பர் பந்து வைத்து அமுக்கி ஊதுவது. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி ஊதுவார்கள். மாடியில் இருக்கிறவர்கள் எட்டிப் பார்க்காமலே யார் வந்திருப்பது என்று தெரிந்துகொள்வார்கள். நான் குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று ஊதுவேன். அதோடு நிறுத்த மாட்டேன். கேட்டிருக்குமோ கேட்கவில்லையோ என்று சந்தேகம் வந்து, கொஞ்சம் விட்டு மெதுவாக இன்னொரு சின்ன ஊதல் ஊதுவேன். இந்தக் கடைசி ஊதலை வைத்துச் சந்து முழுக்க என்னைக் கேலி பண்ணும்.

கேலிக்குத் தலைவர் பாண்டுப் அண்ணாச்சி. நாற்பதைத் தாண்டியவர். பெரிய மீசை, பெரிய சத்தம். பாண்டுப்பில் அவருக்கு லைன். காலையில் டப்பா கட்டும்போது யாரையும் விட மாட்டார். என்னைப் பார்த்தால், "என்னல செம்பூரு, ஊதிட்டு மன்னிப்பு வேற கேக்கியாமே?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். என் நடையைப் பற்றியும் சொல்வார். நான் குனிந்து கயிற்றை முடிந்துகொண்டிருப்பேன். இவருக்கு மட்டும் விஷயம் தெரிந்தால் என்னைச் சும்மா விட மாட்டார் என்று நினைத்துக்கொள்வேன்.

விஷயம் அவருக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் ஒரே நாளில் தெரிந்தது.

மாட்டுங்காவில் எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். பாலக்காட்டுக் குடும்பத்துப் பையன், ஆபீஸ் வேலை. சாயங்காலம் பார்க்கில் உட்கார்ந்து பேசுவோம். நான் கவலைகளைச் சொல்வேன், அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிச் சிரிக்க வைப்பான். ஒருநாள் அவன் என் தோளில் சாய்ந்திருந்தபோது எங்கள் சந்துப் பையன் ஒருத்தன் போட்டோ எடுத்து, கீழே ஒரு அசிங்கமான வார்த்தையும் எழுதி, சந்தின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். சிநேகிதன் பயந்துபோய் நம்பரை மாற்றிவிட்டு பெங்களூருக்குப் போய்விட்டான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. போக ஒரு இடம் இருந்திருந்தால் நானும் போயிருப்பேன்.

மறுநாள் குழாயடியில் அம்மாவோடு யாரும் பேசவில்லை. நான் டப்பா கட்டும்போது யாரும் கேலி பண்ணவில்லை, அது கேலியைவிட மோசமாக இருந்தது. செம்பூரில் ஆட்டோ ஸ்டாண்டில் நம் ஆட்கள் சிலர் வண்டி ஓட்டுகிறார்கள். அவர்களுக்கும் அந்தப் போட்டோ போயிருக்கிறது. அதில் ஒருத்தர் அப்பா காலத்திலிருந்து எங்களிடம் சாப்பிடுகிறவர். நான் இட்லியை வைத்து நீட்டினேன். அவர் தட்டைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். "வேற யாராச்சும் எடுத்து வச்சாத் திங்கேன். இந்தக் கையால வேண்டாம்" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஆட்டோவில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இட்லிக்காரனுக்குக் கைதான் எல்லாம். கல்லா வேண்டாம், கடை வேண்டாம், போர்டு வேண்டாம். ஜனங்கள் நம்பிச் சாப்பிடுவது அந்தக் கையை. அன்று வீட்டுக்கு வந்து கையைக் கழுவினேன். இன்னும் அழுக்கு போகவில்லை என்று தோன்றி மறுபடி கழுவினேன். துணி சோப்பு போட்டுத் தேய்த்தேன். அடுத்த நாள் விற்கப் போனபோது ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் கழுவினேன், பின்னாலும் கழுவினேன். கேனில் குடிக்க வைத்திருந்த தண்ணீரெல்லாம் அதற்கே போயிற்று. தோல் வெடித்து, சட்னி பட்டால் எரிந்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. அந்த ஆனி அமாவாசை கழிந்த மறுநாள் காலையில் சைக்கிளைத் தொட முடியவில்லை. ஏணி ஏறி எங்கள் வீட்டு மேல்ரூமில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

படுத்திருந்தபோது எத்தனை நாள் ஆயிற்று என்று எனக்குக் கணக்கே தெரியவில்லை. தூக்கம் கிடையாது. அம்மா சோற்றை ஏணியின் மேல்படியில் வைத்துவிட்டுப் போவாள். அப்படியே கிடக்கும். தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில்கூட என்னைத் திட்டுவது மாதிரிக் கேட்கும். இப்படி ஒருத்தன் இல்லாமல் போனால் அம்மா தலை நிமிர்ந்து குழாயடிக்குப் போகலாமே என்ற நினைப்பு வந்தது. முதலில் எப்போதாவது வந்தது, பிறகு போகவே இல்லை.

கீழே அத்தான் பேசுவது கேட்கும். அக்காவின் புருஷன், டெம்போ ஓட்டுகிறார், எங்களோடுதான் இருந்தார். அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்கு ஒரு தம்பி உண்டு, வேலை இல்லாதவர். ஆடி அமாவாசையோடு செம்பூர் லைன் விழுந்துவிடும், அதைத் தம்பிக்குக் கேட்டு வாங்கிவிடலாம் என்றார். என்னை ஊருக்குக் கொண்டுபோய், கோட்டி, அதாவது பைத்தியம் பிடித்தவர்களைக் கட்டிவைக்கிற கோயில் ஒன்றில் கொஞ்ச நாள் விட்டு, தெளிந்ததும் ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டிவைத்துவிடலாம் என்றார். அம்மா பதிலே சொல்லவில்லை. அம்மாவும் சம்மதித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

லைன் போனால் பம்பாயில் எனக்கு என்ன இருக்கிறது? பிறந்த ஊர் இதுதான். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் எனக்கு யாரையும் சரியாகத் தெரியாது. அங்கே சங்கிலியோடு உட்கார்ந்திருப்பதையும், என்னை ஒன்றும் அறியாத ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி கட்டுவதையும் கண்ணை மூடினால் பார்க்க முடிந்தது.

அப்போதுதான் ஒருநாள் அக்கா காப்பியோடு மேலே ஏறி வந்தாள். டம்ளரை என் தலைமாட்டில் வைத்தாள். "ஒன் லைன்ல பாண்டுப்பு நிக்காராம்ல. டெம்போவுல போகும்போது இவுக பாத்துட்டு வந்து குதிக்காக. அமாவாசைக்கு முன்னாடியே நொழஞ்சுட்டாரேன்னு" என்றாள்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. நான் எதிர்பார்த்ததுதானே என்று இருந்தது. முதலில் வந்து விழுவது அவராகத்தான் இருக்கும் என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறேன். அம்மா தினமும் இட்லி அவித்து அவரிடம் கொடுத்தனுப்புவதைப் பார்த்திருந்தேன். வேறு வழியில்லாமல் மொத்தமாக விற்கிறாள் என்று நினைத்திருந்தேன். ஆக எங்கள் இட்லியையே எங்கள் லைனில் வைத்து விற்கிறார்.

மறுநாள் அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் ஏணி இறங்கினேன். போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். திரும்பி வருகிற எண்ணம் எனக்கு இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மனசில்லை. போகும் முன் லைனை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று மட்டும் தோன்றியது. அப்பாவோடு வாளி பிடித்து நின்ற தெருக்கள் அவை. மழையில் நனைந்துகொண்டே செம்பூர் வரை நடந்தேன்.

ஸ்டேஷனைத் தாண்டி என்னுடைய முதல் தெருவின் முனையில் ஒரு மரத்தடியில் நின்றேன். எதிர்ப்பக்கம் பில்டிங் கேட் முன்னால் பாண்டுப் அண்ணாச்சி. பிளாஸ்டிக் சாக்கைக் கொங்காணி மாதிரித் தலையில் போட்டுக்கொண்டு என் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். ஆமாம், என் சைக்கிள்தான். அவர் ஹாரனை எடுத்து ஊதினார்.

குட்டையாக இரண்டு. நீளமாக ஒன்று. கொஞ்சம் விட்டு, மெதுவாக, கேட்டதோ இல்லையோ என்று சந்தேகப்படுகிற மாதிரி, கடைசியாக ஒரு சின்ன ஊதல்.

அத்தனை பெரிய மனுஷன், எதற்கும் தயங்காத ஆள், என்னுடைய அந்தப் பயந்த ஊதலைத் துளி மாறாமல் ஊதினார். மேலே ஜன்னல் திறந்தது. தினமும் வாங்குகிற மராட்டி அம்மாள் எட்டிப் பார்த்து, அந்தப் பையன் இன்னும் வரவில்லையா என்று இந்தியில் கேட்டார். அண்ணாச்சி அவருக்குத் தெரிந்த இந்தியில், காய்ச்சல், இட்லி அவன் வீட்டு இட்லிதான் என்று சொல்லிவிட்டு, "ஆயேகா, ஆயேகா" என்றார். வருவான், வருவான். கயிற்றில் கட்டின கூடை கீழே இறங்கியது.

நான் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. மழையில் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் என்னைப் பார்த்துவிட்டார். ஓடி வரவில்லை, கட்டிப் பிடிக்கவில்லை. தினமும் பார்க்கிற ஆளைப் பார்த்த மாதிரி, தெருவுக்கு இந்தப் பக்கம் கேட்கும்படி, "ஏ செம்பூரு, அங்க என்னல நிக்க? வந்து வாளியப் புடி" என்றார்.

ஒரு மாசமாக அந்தச் சந்தில் எனக்கு அசிங்கமான பேர்கள்தான் இருந்தன. என்னை யாராவது செம்பூர் என்று கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று. தெருவைத் தாண்டிப் போனேன். போய் வாளியைப் பிடித்தேன். வேறு என்ன செய்ய என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு கேட் முடித்து ஆட்டோ ஸ்டாண்டுக்கு வந்தோம். நான் வாளியோடு பின்னால் நின்றுவிட்டேன். என் கையால் வேண்டாம் என்ற அந்தப் பெரியவர் ஆட்டோவில் உட்கார்ந்து எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் முடியாது அண்ணாச்சி, என் கையால் யாரும் சாப்பிட மாட்டார்கள் என்று சொல்லிக் கையைக் காட்டினேன். வெடித்துச் சிவந்து கிடந்த கையை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் முகத்தில் கேலி இல்லாமல் நான் பார்த்தது அன்றுதான். பிறகு தட்டு ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"எனக்கு இன்னும் காலச் சாப்பாடு ஆவல. நாலு வையி."

நான் தயங்கினேன். அவர் தட்டை நீட்டியபடியே நின்றார். மழைத் தண்ணீர் தட்டில் விழுந்தது. நான் எடுத்து வைத்தேன், சட்னி ஊற்றினேன். அதில் பாதி அவர் விரலில் கொட்டிற்று. ஸ்டாண்டில் இருந்த அத்தனை பேரும் பார்க்க, நடுவில் நின்று, நிதானமாகச் சாப்பிட்டார். விரலை நக்கினார். நான் ஏதோ பெரிய வார்த்தை சொல்லப் போகிறார் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

"சட்னியில உப்பு பத்தல. ஒங்கம்மைட்ட சொல்லு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாசத்தில் முதல் தடவை. அதைப் பார்த்து இளவயசு டிரைவர் ஒருத்தன் வந்து, அண்ணா எனக்கும் வை என்று தட்டை எடுத்தான். பிறகு இன்னொருத்தர் வந்தார். அந்தப் பெரியவர் வரவில்லை. வராவிட்டால் போகட்டும் என்று அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டப்பா காலியானபிறகு ஒரு டீக்கடையில் ஒதுங்கினோம். அங்கேதான் எல்லாம் கேட்டேன். நான் படுத்த மறுநாளே அம்மா அவரிடம் போயிருக்கிறாள். லைன் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அத்தானுக்குத் தெரிந்தால் தகராறு வருமென்று வெளியே சொல்லவில்லை. சந்தில் அத்தனை பேர் இருக்க, இவரிடம் போக அம்மாவுக்கு எப்படித் தோன்றியது என்று இன்றுவரை எனக்கு ஆச்சரியம். அப்படியானால் பாண்டுப் லைனை யார் பார்க்கிறார்கள் என்றேன். அவர் மனைவி டப்பாவை ரயிலில் ஏற்றிக்கொண்டு போகிறாராம். பெண்கள் யாரும் லைனுக்குப் போய் எங்கள் சந்தில் வழக்கம் இல்லை. "என்னையவிட ஜாஸ்தி விக்கா. இனி என்னைய வீட்டுல இட்லி அவிக்கச் சொல்லுதா" என்றார்.

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நாந்தான் ஒங்கம்மைட்ட, சொல்லாதீக மைனின்னேன். சொன்னா லைனு எப்படி ஓடுதோன்னு அதுக்கும் சேத்து வெசனப்படுவ" என்றார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து டீ கிளாசுக்குப் பக்கத்தில் வைத்தார். லாக்டவுனில் எல்லாம் அடைத்துக் கிடந்தபோது அவருக்குத் தூக்கம் போய்விட்டதாம். சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாராம். மனைவிதான் பெரிய முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரியில் மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். இன்னும் மாத்திரை சாப்பிடுகிறார். சந்தில் யாருக்கும் தெரியாது. எங்கள் எல்லோரையும் சிரிக்க வைத்த மனுஷன் இந்த அட்டையைப் பையில் வைத்துக்கொண்டுதான் சிரித்திருக்கிறார்.

"ஒன் சமாச்சாரம் எனக்கு வெளங்கல. பொய் சொல்ல மாட்டேன். ஆனா தூங்காமக் கெடக்கது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்ல." பிறகு டீ கிளாசைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நானும் ஒன்னய நெறயாக் கேலி பண்ணிருக்கேன். வெளையாட்டுன்னு நெனச்சேன். அந்தப் போட்டோ போட்டவனும் அப்படித்தான நெனச்சிருப்பான்."

நான் எதற்காக வீட்டைவிட்டு இறங்கினேன் என்பதை அவரிடம் சொன்னேன். நான் அதை முதலில் சொன்னது அவரிடம்தான். அவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, சாயங்காலம் வரை என்னைத் தனியாக விடவில்லை.

மறுநாள் ஆடி அமாவாசை. சந்து முனையில் டப்பாக்களை வரிசையாக வைத்தார்கள். அத்தான் தன் தம்பியைக் குளிப்பாட்டி, விபூதி பூசிக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் எங்கள் டப்பாவைக் கொண்டுபோய் அப்பா வைக்கிற இடத்தில் வைத்தேன். அத்தான், லைன் விழுந்துவிட்டது, ஆள் ஒரு மாசமாகப் படுத்திருந்தது எல்லோருக்கும் தெரியும் என்றார். தேவ்நார்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, செம்பூரில் ஒரு நாளாவது செம்பூர் ஹாரன் கேட்டதா என்று பொதுவாகக் கேட்டார்.

பாண்டுப் அண்ணாச்சி முன்னால் வந்தார். என் சைக்கிளிலிருந்து ஹாரனைக் கழற்றி ஊதினார். இரண்டு குட்டை, ஒரு நீளம், பிறகு அந்தக் கடைசிச் சின்ன ஊதல். வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். ஆனால் அது பழைய சிரிப்பு. அதில் விஷம் இல்லை. "தெனமும் கேட்டுது. லைன் விழல" என்றார்.

அத்தான் விடவில்லை. இவனை ஊருக்கு அனுப்பத்தானே போகிறோம், பிறகு எதற்கு லைன் என்றார். அப்போது எனக்குப் பின்னாலிருந்து அம்மா குரல் கேட்டது. சூடத் தட்டோடு நின்றிருந்தாள். "எம்புள்ள எங்கயும் போவல. இங்கனதான் இருப்பான்" என்றாள். அவ்வளவுதான். மேல்ரூமில் படுத்துக்கொண்டு அம்மாவின் மௌனத்துக்கு நான் என்னென்னவோ அர்த்தம் பண்ணியிருந்தேன். அவள் விடியும் முன் எழுந்து, எனக்காக இட்லி அவித்து, எனக்காக ஆளை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அந்த வாரமே அண்ணாச்சி என்னை அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஆயிரம் பயம். என்னை மாற்றுவதற்கு ஏதாவது ஊசி போடுவார்களோ, அம்மாவைக் கூப்பிட்டு எல்லாம் சொல்லிவிடுவார்களோ. டாக்டர் அம்மா இளவயசுக்காரர், இந்தியில் பேசினார். நான் தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, ஆணுக்கு ஆணைப் பிடிப்பது நோய் இல்லை, அதற்கு மருந்தும் இல்லை, மருந்து தேவையும் இல்லை என்றார். தூக்கம் இல்லாமல் போனது, கையைத் தேய்த்துக்கொண்டே இருப்பது, சாக நினைப்பது, இவையெல்லாம் நோய், இவற்றைக் குணப்படுத்தலாம் என்றார். என்னைக் கேட்காமல் வீட்டில் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். அத்தனை வருஷமாக ஒன்றாகக் கட்டிச் சுமந்த இரண்டு மூட்டைகளை அவர் ஒரு நிமிஷத்தில் அவிழ்த்துத் தனித்தனியாக வைத்துவிட்டார். வெளியே வந்தபோது அண்ணாச்சி பெஞ்சில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மடியில் காலி டப்பா. லைனை முடித்து நேராக வந்திருந்தார்.

மாத்திரையும் பேச்சுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினேன். டாக்டர் சொல்லி, என்னைப் போன்ற பிள்ளைகள் கூடிப் பேசுகிற ஒரு இடத்துக்குப் போனேன். அங்கே இருந்த பலருக்கும் என்னைப் போலவே பாதியில் நின்ற பள்ளிக்கூடமும், கேலி பண்ணிய வாத்தியாரும், தூங்காத இரவுகளும் இருந்தன. வீட்டைவிட்டே துரத்தப்பட்டவர்களும் இருந்தார்கள். அவர்கள் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு அம்மாவும் ஒரு பாண்டுப் அண்ணாச்சியும் கிடைத்தது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று நினைத்துக்கொள்வேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அத்தான் இப்போது பேசுகிறார், ஆனால் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. ஆட்டோ ஸ்டாண்டுப் பெரியவர் இன்றுவரை என் கையால் சாப்பிடவில்லை. நானும் அவருக்காகக் கையைத் தேய்ப்பதில்லை. ஸ்டவ்வை அணைத்தோமா என்று இப்போதும் திரும்பிப் போய்ப் பார்க்கிறேன். அதற்கு மாத்திரை இல்லை போலிருக்கிறது. அண்ணாச்சியின் கேலியும் நிற்கவில்லை. நடையைப் பற்றி மட்டும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஹாரனை விடுவதாக இல்லை.

போன கொடைக்கு அவர் ஊருக்குப் போனபோது பாண்டுப் லைனை நானும் அவர் மனைவியும் பார்த்துக்கொண்டோம். அவர் மாதிரி நான் ஊத வேண்டும். அவருடையது ஒரே ஊதல், தெருவே அதிரும். எனக்கு அப்படி ஊத வராது. ஆனாலும் ஊதினேன். எதிர் வீட்டு ஜன்னல் திறந்து அண்ணா எங்கே என்று கேட்டார்கள். வருவார், வருவார் என்றேன்.

நான் திரும்பி வருவேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லாத நாட்களில், மழையில் நின்று என் பயத்தையும் சேர்த்து ஊதி, வருவான் என்று தெருவுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார் ஒருவர். இன்றைக்கும் செம்பூரில் முதல் கேட் முன்னால் ஹாரனை அமுக்கும்போது, அந்தக் கடைசிச் சின்ன ஊதலை மட்டும் நான் வெட்கப்படாமல் ஊதுகிறேன்.